மூன்று நாள் காய்ச்சல்

முதல் கேள்வியிலேயே காளைக்கன்று வந்துவிட்டது. அஸேர் நோவில்யோஸ். இடது பக்கம் ஸ்பானிஷ், வலது பக்கம் நான் எழுத வேண்டிய இங்கிலீஷ், நடுவில் பிலார் மிஸ் ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. மொத்தம் பத்து, நாற்பது நிமிஷம், எல்லாமே அவங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொள்வது. வார்த்தைக்கு வார்த்தை எடுத்தால் காளைக்கன்று செய்வது என்று வரும், அப்படியே எழுதினால் மிஸ் சிவப்புப் பேனாவால் ஓரத்தில் ஒரு குட்டி மீன் வரைவாங்க, கண் இருக்கிற இடத்தில் பெருக்கல் குறி, செத்த மீன், உன் இங்கிலீஷ் நாறுகிறது என்று அர்த்தம், மீன் வாங்கினால் மார்க் கிடையாது. இங்கிலீஷ்காரப் பையன் ஒருத்தன் வாயில் இது எப்படி வரும், அதை எழுது ரெனிட்டா. மிஸ் இதைச் சொல்லும்போது என் பேரில் இருக்கிற ர ஆட்டோ ஸ்டார்ட் ஆகிற மாதிரி உருளும், ர்ர்ரெனித்தா, அதை நான் ஜூன் மாதமே பிடித்துவிட்டேன், பாத்ரூம் வாசலில் நின்று செய்து காட்டினால் உள்ளே இருக்கிறவள் யெஸ் மிஸ் என்று கத்துவாள். காளைக்கன்று செய்வது என்றால் கிளாஸைக் கட் அடித்துவிட்டு ஊர் சுற்றுவது. இந்த ஸ்கூலில் என்னைவிட இது யாருக்குத் தெரியும். எழுது. ஆனால் பேனாவை வைத்ததும் எனக்கு முன்னால் இருக்கிற பெஞ்சுதான் தெரிகிறது, அதில் ஆள் இல்லை, கேள்வித்தாள் மட்டும் உட்கார்ந்திருக்கிறது, மிஸ் வரிசையாக வைத்துக்கொண்டு போன கையோடு அங்கேயும் ஒன்று வைத்துவிட்டாங்க, ஃபேன் காற்றில் அதன் ஒரு மூலை எழுந்து எழுந்து படுக்கிறது. நவநீதன் இடம். பன்னெண்டரைக்குள்ள வந்துடுவேன்டீ, ஸ்பானிஷ் டெஸ்ட்டுக்கு இருப்பேன் என்றான். மணி ஒன்று இருபத்தாறு.

ஸ்கிப் கிளாஸ் என்று எழுதிவிட்டேன், மீன் வராது, அடுத்தது. அடுத்ததில் எம்போயார், முட்டைமேல் உட்கார்ந்து அடைகாப்பது, அதாவது டெஸ்ட்டுக்கு முந்தின நாள் விடாமல் உருப்போடுவது, நல்லாத்தான் சொல்றாங்க, பப்ளிக் எக்ஸாம் நேரத்தில் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் ஒரு கோழி உட்கார்ந்திருக்கும். சிரிப்பு வர வேண்டிய இடம், வரவில்லை. காலையில் சிரித்தேன், எட்டு இருபதுக்கு எங்கள் வீட்டு மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று சிரித்தேன், அதற்கு முன்னால் இரண்டு நிமிஷம் சிரிக்காமல் திருமூர்த்தி அங்கிளாக இருந்தேன். நவநீதன் அப்பா, கணபதி ஏரியாவில் மோட்டார் பம்ப்செட் பட்டறை. அவருக்கு எந்தப் பேச்சும் அதாவதுங்க என்றுதான் தொடங்கும், தொடங்குவதற்கு முன்னால் ஒரு செருமல், லேத் மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசிக் கொஞ்சம் உரத்த குரல், கடைசி எழுத்தை விடாமல் இழுத்துக் கொண்டுபோய் வைப்பார். எனக்குக் குரல் பிறவியிலேயே கட்டை, சின்ன வயதில் ஃபோன் எடுத்தால் தம்பி அம்மாவைக் கூப்பிடு என்பார்கள், அழுதிருக்கிறேன், பிறகு அதையே வைத்துப் பிழைக்கக் கற்றுக்கொண்டேன். லீவுக்கு எட்டரைக்குள் வீட்டிலிருந்து ஃபோன் வர வேண்டும், ஆபீஸில் ஜெபசீலி அக்கா நோட்டில் பேரையும் காரணத்தையும் எழுதுவாங்க, எழுதாத பேர் ஏதாவது கிளாஸில் இல்லை என்றால் ஒன்பதரைக்கெல்லாம் அம்மா அப்பா ஃபோனுக்கு மெசேஜ் போய்விடும், உங்கள் பிள்ளை வரவில்லை, எங்கே. இந்த வருஷம் மட்டும் பதினொரு அப்பா, நாலு அம்மா, ஒரு பாலக்காட்டு மாமா, எல்லாம் நான்தான், ஜெபசீலி அக்கா ஒரு தடவைகூடச் சந்தேகப்பட்டதில்லை. இன்றைக்கு அதாவதுங்க, பையனுக்குக் காச்சலுங்க என்று சொன்னதோடு வைத்திருக்கலாம். ஒரு நாள் காய்ச்சல் போதும், நவநீதன் கேட்டதும் ஒரு நாள்தான், அரை நாள்தான். அக்கா அந்தப் பக்கத்தில் ஐயோ பாவம், டாக்டர்ட்ட காட்டினீங்களா என்று கேட்டாங்க பாரு, அங்கேதான் எனக்கு ஏறிவிட்டது, அந்தக் குரல் தானாக ஓட ஆரம்பித்துவிட்டது, காட்டியாச்சுங்க, ஊசி போட்டாருங்க, மூணு நாளைக்கு அசையக்கூடாதுன்னுட்டாருங்க, அதாவதுங்க, மூணு நாளைக்கு ஸ்கூல்ல இருந்து யாரும் ஃபோன் கீன் பண்ணித் தொந்தரவு பண்ண வேண்டாமுங்க, பையன் தூங்கட்டுமுங்க. சரிங்கய்யா, யாரும் கூப்பிட மாட்டோம், நல்லாப் பாத்துக்கிடுங்க என்று அக்கா வைத்துவிட்டாங்க. நான் தொட்டியில் சாய்ந்துகொண்டு வயிற்றைப் பிடித்துச் சிரித்தேன்.

யாரும் கூப்பிட மாட்டோம். வீட்டில் அவன் ஸ்கூலில் இருக்கிறான் என்று நினைக்கிறார்கள், ஸ்கூலில் அவன் வீட்டில் படுத்திருக்கிறான் என்று நினைக்கிறார்கள், நடுவில் அவன் இருக்கிற இடம் இந்த உலகத்தில் எனக்கு மட்டும் தெரியும். மூன்றாவது என்ன, கோதோஸ், முழங்கை, முழங்கையை ஊன்றுவது, இதுவும் படிப்பதுதான், எத்தனை விதமாகத்தான் படிப்பாங்களோ. முழங்கையை ஊன்றித்தான் உட்கார்ந்திருக்கிறேன். அவன் ஆற்றுக்குப் போயிருக்கிறான். நொய்யலில் மேலே ஒரு தடுப்பணை இருக்கிறது, மூன்று நாளாக மலையில் மழை, தண்ணீர் அணைமேலே வழிந்து விழுகிறதாம், யாரும் எடுக்கும் முன்னால் போய் வீடியோ எடுக்கணும், கொஞ்ச நேரம் கால் நனைச்சுட்டு வந்துடுவேன் என்றான். நீச்சல் தெரியுமாடா என்று கேட்டேன், கேட்டேனே, அந்த அளவுக்காவது புத்தி இருந்திருக்கிறது எனக்கு. மிதக்கத் தெரியும் என்றான். நான் உடனே அதை அவன் குரலிலேயே திருப்பிச் சொன்னேன், மிதக்கத் தெரியும், இரண்டு பேரும் சிரித்தோம், அதோடு அந்தக் கேள்வி முடிந்துபோனது. எனக்கு எல்லாமே அப்படித்தான் முடிகிறது. மத்தியானம் கைகழுவுகிற இடத்தில் வாட்ச்மேன் பழனியப்பன் அண்ணன் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார், ஆத்துல தண்ணி சாஸ்தியா வருதாட்ட இருக்குது, பாலத்துல போலீஸ் நிக்குது, ஒருத்தரையும் விடறதில்ல. வாட்ச்மேன் அண்ணனுக்கு மேல்பல் இரண்டு இல்லை, ச எல்லாம் காற்றாக வரும், நான் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே என் பக்கத்து சீட் லோகித்துக்கு அதைச் செய்து காட்டினேன், அந்தக் காற்று, அந்தத் தலையாட்டல், ஒருத்தரையும் விடறதில்ல. லோகித் தண்ணீரைத் துப்பிவிட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். இரண்டாவது தடவை செய்யும்போதுதான், பாதி வாக்கியத்தில், தண்ணி என்ற இடத்தில், அது காதில் விழுந்தது. முதலில் வாயால் சொல்லிவிட்டேன், பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. குழாயை மூடாமலே வந்துவிட்டேன் என்று இப்போது நினைவு வருகிறது, யாராவது மூடியிருப்பார்கள்.

போலீஸ் இருந்தால் நல்லதுதானே, அவனைப் பாலத்திலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பியிருப்பார்கள். ஆனால் அவன் எட்டரைக்கே போயிருப்பான், போலீஸ் எப்போது வந்தார்கள் என்று யாருக்குத் தெரியும், தண்ணீர் எப்போது வந்தது. நாலாவது, சுலேத்தா, பொரித்த விலாக்கறித் துண்டு, பரீட்சைக்குக் கொண்டுபோகிற பிட். பந்து செய்வது என்றால் டீச்சருக்கு ஜால்ரா. ரோஸ்கோ, வளையமாகச் சுட்ட ரொட்டி, சைபர், நாம் முட்டை என்போம், அங்கே முட்டை அடைகாக்க, சைபருக்கு ரொட்டி. இதெல்லாம் நேற்று ராத்திரி நானும் அவனும் ஃபோனில் பிரித்துப் பிரித்துச் சிரித்ததுதான், ஒருத்தர் ஸ்பானிஷைச் சொல்ல இன்னொருத்தர் பதில் சொல்ல வேண்டும், அவன், எல்லாமே சாப்பாடாவே இருக்குடீ, அந்த ஊர்ல புள்ளைங்க பசியோடவே படிக்குதுங்களா என்றான். அதே குரல், சொல்லும்போது கடைசியில் மூக்கை உறிஞ்சுவது, வந்துட்டேன்டீ, பஸ் கிடைக்கல, ஏன்டீ இப்படிப் பேயறைஞ்ச மாதிரி இருக்க. இதை அவன் சொல்லவில்லை, நான் என் தலைக்குள் செய்கிறேன். கதவைத் தள்ளிக்கொண்டு நனைந்த சட்டையோடு உள்ளே வந்து ஸாரி மிஸ் என்கிறான், மிக நன்றாக வருகிறது, நான் செய்ததிலேயே இதுதான் அச்சு அசலாக இருக்கிறது, இவ்வளவு நன்றாக வரும்போதுதான் பயமாக இருக்கிறது, ஏனென்றால் இதில் அவன் இல்லை, அவன் என்ன சொல்வான் என்பதை முழுக்க நான்தான் வைத்திருக்கிறேன், அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்தக் குரல் எனக்குள் மட்டும் பேசிக்கொண்டிருக்கும், அவன் அம்மா என்னிடம் வந்து, ரெனி, ஒரு தடவை அவன மாதிரிப் பேசிக் காட்டேன் என்று கேட்பாங்க. கேட்பாங்க. நான் பேசுவேனா. நிறுத்து. வெளியே மழை பிடித்துவிட்டது, சைக்கிள் ஷெட் தகரத்தில் முதலில் தனித்தனியாக, பிறகு ஒரே சத்தமாக.

போய்ச் சொல்லு. எழுந்து நின்று சொல்லு, அவ்வளவுதானே. சொன்னால் பதினொரு அப்பாவும் நாலு அம்மாவும் வெளியே வருவார்கள், பாலக்காட்டு மாமாவும் வருவார், பதினாறு பேர் வீட்டில் விசாரணை நடக்கும். பிரின்சிபல் என்ன செய்வார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும், போன வருஷம் நான் அவர் குரலில் மைக்கில் நாளை விடுமுறை என்று சொன்னதற்கு அம்மாவைக் கூப்பிட்டு, சிஸ்டர், அடுத்த தடவை பேச்சே கிடையாது, டிசியை வாங்கிக்கொண்டு போகலாம் என்றார், அம்மா ஜி.எச்.சில் நைட் டியூட்டி முடித்து யூனிஃபார்மோடு வந்து உட்கார்ந்திருந்தாங்க, வெளியே வந்து என்னைத் திட்டவில்லை, உனக்கு வேற ஒண்ணுமே வராதாம்மா என்று மட்டும் கேட்டாங்க. அதைக்கூட நான் ஒரு வாரம் கழித்துச் சித்தி வீட்டில் அம்மா குரலில் செய்து காட்டினேன். பேர் சொல்லாமல் செய்ய முடியுமா. ஆயம்மா குரலில் ஆபீஸுக்கு, இல்லை போலீஸ் குரலில், ஸ்கூல் பையன் ஒருத்தன் ஆத்துப் பக்கம் நிக்கறான், இல்லை அவன் அம்மா குரலில், பையன் வீட்ல இல்லீங்க. ஃபோன் இல்லை, காலையில் கேட்டிலேயே வாங்கிவைத்துவிடுகிறார்கள். ரெண்டு மணிக்குப் பெல் அடிக்கும், அப்புறம் சொல்லலாம். அப்புறம் என்றால் இருபத்தோரு நிமிஷம். இருபத்தோரு நிமிஷத்தில் தண்ணீர் எவ்வளவு வரும். அவன் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் இருபத்தோரு நிமிஷம் எவ்வளவு நேரம். ஒருவேளை அவன் ஒண்டிப்புதூரில் எங்கேயாவது பரோட்டா தின்றுகொண்டிருந்தால் என் டிசி, என் அம்மா, பதினாறு பேர், எல்லாம் ஒரு பரோட்டாவுக்காக. பரோட்டா தின்றுகொண்டிரு. நவநி, தயவுசெய்து பரோட்டா தின்றுகொண்டிரு, நான் டிசியை வாங்கிக்கொள்கிறேன்.

எட்டாவது கேள்வி ஒரு ஆளைப் பற்றியது. தான் இல்லாததாலேயே மின்னுகிறான். பள்ளியில் எல்லோரும் எதிர்பார்க்கிற ஒருத்தன் வராமல் இருந்தால் அப்படிச் சொல்வார்களாம், கிளாஸில் மிஸ் விளக்கியபோது நவநீதன் கை தூக்கி, மிஸ், நான் வராத அன்னைக்கும் கரண்ட் பில் வருமா என்று கேட்டான், மிஸ்ஸுக்குப் புரியவில்லை, எல்லோரும் சிரித்ததால் மிஸ்ஸும் சிரித்தாங்க. அந்த பெஞ்சு மின்னவில்லை. மழைக்கு லைட் போட்டிருக்கிறார்கள், எல்லா பெஞ்சும் ஒரே மாதிரி பழுப்பாகத்தான் இருக்கிறது, அதில் காம்பஸால் கீறிய ஒரு ஆமை, அவன் கீறியது, கேள்வித்தாள் அதன்மேல் எழுந்து படுத்து, எழுந்து, இந்தத் தடவை படுக்கவில்லை, வழுக்கிக் கீழே விழுந்து என் செருப்புக்கிட்டே வந்து நிற்கிறது. பெயர் என்று எழுதிய இடத்தில் கோடு மட்டும். ஒன்பதாவது வெள்ளையாகிப் போவது, எல்லாம் தெரிந்தும் அந்த நேரத்தில் ஒன்றும் வராமல் நிற்பது, பத்தாவதைப் படிக்கவேயில்லை. நான் நிற்கிறேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை, பெஞ்சு இடித்து முழங்கால் வலிக்கிறது. மிஸ் நிமிர்ந்து பார்க்கிறாங்க. யார் குரலில் சொல்வது என்று வாய் தேடுகிறது, நிஜமாகவே தேடுகிறது, பிரின்சிபலை எடுத்துப் பார்த்து வைத்துவிட்டது, திருமூர்த்தி அங்கிளைத் தொட்டது, எடுக்கவில்லை.

"மிஸ், நவநீதனுக்குக் காய்ச்சல் இல்ல. ஆத்துக்குப் போனான், இன்னும் வரல. காலைல பேசினது அவங்கப்பா இல்ல, நான்தான்."

என் கட்டைக் குரல் மெல்லிசாக, கீச்சென்று, நடுவில் இரண்டு இடத்தில் உடைந்து வந்தது. கிளாஸ் மொத்தமும் சிரித்தது. கடைசி வரிசையில் யாரோ கைதட்டினார்கள். லோகித் எட்டி என் சட்டையைப் பிடித்து இழுத்தான், கண்ணில் அவ்வளவு ஆர்வம், ஏய் செமடீ, இது யாரோட வாய்ஸ், யாருன்னே தெரியலயே என்றான். கேலி இல்லை, அவன் உண்மையிலேயே கேட்டான். ஒன்றாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன். நான் அவன் கையைத் தட்டிவிட்டேன், அதற்கும் சிரித்தார்கள். பிலார் மிஸ் சிரிக்கவில்லை. அவங்களுக்கு எங்கள் ஊரில் எந்தக் குரல் யாருடையது என்று தெரியாது, வாட்ச்மேனைத் தெரியாது, பாலக்காட்டு மாமாவைத் தெரியாது, தமிழில் தண்ணி, போதும், எவ்வளவு, இந்த மூன்றும்தான் தெரியும். அவங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு பெண் நடுங்கிக்கொண்டு நிற்கிறாள் என்பதுதான். பேனாவை மூடாமல் எழுந்து நேரே என்னிடம் வந்து, இங்கிலீஷில் சொல் என்றாங்க. சொன்னேன். ரிவர் என்றேன், ஹி இஸ் கான், வாட்டர் இஸ் மச் கமிங், ஃபாதர் வாய்ஸ் இஸ் மை வாய்ஸ், வரிக்கு வரி மீன், ஒரு கூடை மீன். மிஸ் என் மணிக்கட்டைப் பிடித்தாங்க, கிளாஸின் சிரிப்பு முன்வரிசையிலிருந்து பின்னால் ஒவ்வொரு வரிசையாக நின்றது.

ஆபீஸ் வரைக்கும் ஓடினோம், வராண்டா முழுக்க சாரல், மிஸ்ஸின் ஹீல்ஸ் ஒன்று கழன்றுவிட்டது, எடுக்கவில்லை. ஜெபசீலி அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டுவிட்டு, நோட்டைத் திருப்பிக் காட்டினாங்க, நவநீதன், காய்ச்சல், மூன்று நாள், தொந்தரவு செய்ய வேண்டாம், அழகான கையெழுத்து. என்ன பிள்ள விளையாட்டு இது, காலைல அவரே எங்கிட்டப் பேசினாரே, எனக்கு அவர் குரல் தெரியாதா என்றாங்க. மூணு நாளைக்குக் கூப்பிடாதீங்கன்னு சொல்லியிருக்காரு, நான் எப்படிக் கூப்பிட. மிஸ் இங்கிலீஷில் கத்துகிறாங்க, அக்கா மிஸ்ஸையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிறாங்க, மேலே கடிகாரம் ஒன்று நாற்பத்தொன்பது, எனக்கு வேறு வழி தெரியவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு செருமினேன்.

"அதாவதுங்க, மூணு நாளைக்கு ஸ்கூல்ல இருந்து யாரும் ஃபோன் கீன் பண்ணித் தொந்தரவு பண்ண வேண்டாமுங்க. பையன் தூங்கட்டுமுங்க."

காலையில் வந்ததைவிட நன்றாக வந்தது. கன்னத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதும் குரல் கொஞ்சம்கூட ஆடவில்லை, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அக்காவின் முகத்தில் நிறம் போய்விட்டது. நோட்டை மூடினாங்க, ரிசீவரை எடுத்தாங்க, நம்பரை இரண்டு தடவை தப்பாக அழுத்தி மூன்றாவது தடவை சரியாக அழுத்தினாங்க, மணி போகிறது என்று தெரிந்ததும் அதைக் காதில் வைத்துக்கொள்ளத் தைரியமில்லாமல் என் கையில் கொடுத்துவிட்டாங்க. நாலு ரிங், ஐந்து ரிங், அந்தப் பக்கம் லேத் சத்தம், யாரோ நிறுத்துப்பா என்று சொல்ல அதுவும் அடங்கியது. பிறகு அவர் பேசினார். நான் செய்கிற மாதிரி இல்லை, உரத்த குரலே இல்லை, செருமலும் இல்லை, எங்கோ பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி மெதுவாக, இத்தனை நாள் நான் பிடித்து வைத்திருந்தது பட்டறைக்காரர் ஒருத்தரை, இவர் அவன் அப்பா.

"ஸ்கூலுங்களா? சொல்லுங்க. பையன் அங்கதானுங்க இருக்கான்?"

"இல்லீங்க அங்கிள்," என்றேன். "நான் ரெனிட்டா."